ஒரு சிறு துளையின் பொருட்டு



ஆண்டு மலருக்குத் தலைமை ஆசிரியர் ஒரு கட்டுரை எழுதுவது எம் பள்ளியின் வழக்கம். ஒழுக்கம், நேரந்தவறாமை, நூலகத்தின் பயன் என்று முன்னைய மலர்களில் எழுதி வந்தோம். இம்முறை யாம் செய்த பிழையொன்றைப் பற்றி எழுதத் துணிந்தோம். உங்கள் பணம் அதில் அடங்கியிருப்பதால், அஃது ஏட்டில் பதிவாவதே முறை.

2023ஆம் ஆண்டில் பெற்றோர் ஆசிரியர் சங்கம் எம்மிடம் 4,200 வெள்ளியை ஒப்படைத்தது. அத்தொகை சேர்ந்த வகையை யாம் அறிவோம். பழைய இரும்பும் தகர டின்களும் விற்ற காசு. தீபாவளிக்கு முந்திய வாரம் தாய்மார்கள் முறுக்குச் சுட்டு விற்ற காசு. சம்பள நாளன்று தலைக்குப் பத்து வெள்ளியாகச் சேர்த்த காசு. மருந்து தெளிக்கும் வேலை செய்யும் ஒரு தாயார், மழையால் வேலை நாள் குறைந்துபோன மாதத்தில்கூட, ஐந்து வெள்ளித் தாளை நான்காக மடித்து மகளிடம் கொடுத்தனுப்பினார். அப்பணத்தில் எட்டு டேப்லெட்டுகள், அதாவது தட்டைக் கணினிகள், வாங்குவது என்பது சங்கத்தின் தீர்மானம்.

எதற்காக என்று வினவலாம். எம் பள்ளி சிறியது. மூன்றாம் ஆண்டும் நான்காம் ஆண்டும் ஒரே அறையில், ஒரே ஆசிரியரிடம் பயில்கின்றன. ஒரு வகுப்புக்கு ஆசிரியர் கணக்குச் சொல்லித் தரும் வேளையில், மற்ற வகுப்பினர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு கதையையோ, ஆங்கில உச்சரிப்பையோ, மலாய்ப் பாடத்தையோ கேட்கலாம். ஓசை வெளியே வராது, கணக்கும் கெடாது. எம் முன்னாள் மாணவர்கள் அதற்கு முந்திய ஆண்டிலேயே பத்து ஹெட்போன்களை அன்பளிப்பாக வழங்கியிருந்தனர். கம்பியுள்ளவை; பிள்ளைகள் கையாண்டாலும் தாங்கக்கூடியவை. ஆகவே காதுக்குரியது ஆயத்தமாக இருந்தது, கணினிதான் குறை.

யாம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற 1990ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், பாடத்துணைக் கருவி என்றால் மணிலா அட்டையும் ஒலிநாடாப் பெட்டியுமே. ஆயினும் ஒன்றை வாங்குமுன் ஆராய வேண்டும் என்பதை அறியாதவர் அல்லோம். இரண்டு சனிக்கிழமைகள் பட்டணத்துக் கடைகளில் ஏறி இறங்கினோம். நினைவகம் 4 ஜிபி வேண்டும், சேமிப்பு 64 ஜிபி வேண்டும், மின்கலம் பள்ளி நேரம் முழுதும் தாங்க வேண்டும் என்று நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு எழுதினோம். இறுதியில் இரண்டு வகைகள் எஞ்சின. ஒன்று சற்றே தடித்தது, திரை சிறியது. மற்றது மெல்லியது, திரை அகன்றது, விலை 520 வெள்ளி. எழுத்துப் பெரிதாகத் தெரிந்தால் பிள்ளைகளின் கண்ணுக்கு நல்லது என்று கருதி அகன்றதையே தேர்ந்தோம். 4,160 வெள்ளி செலுத்தி, மீதி நாற்பது வெள்ளியோடு, ஏதோ சாதித்துவிட்டவர்போல் தோட்டம் திரும்பினோம்.

மறுநாள் சபைகூடலுக்குப் பின் எட்டுப் பெட்டிகளையும் ஒருசேரத் திறந்தோம். (அதுவும் ஒரு பிழைதான், ஒன்றை மட்டும் திறந்திருந்தால் மற்ற ஏழையேனும் திருப்பிக் கொடுத்திருக்கலாம்.) ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் ஹெட்போனின் முனையைக் கையில் பிடித்துக்கொண்டு கணினியை நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தான். "ஐயா, இதை எங்கே குத்துவது?" என்றான்.

யாமும் மூக்குக் கண்ணாடியை அணிந்துகொண்டு தேடினோம். மின்னேற்றும் வாய் ஒன்று இருந்தது. வேறு துளை இல்லை. எம் கட்டத்தில் பதினொரு வரிகள் இருந்தன. அத்துளைக்கு ஒரு வரி இல்லை. ஒலி எழுப்பும் பெட்டிக்குக் காதுக்கம்பி செருகும் துளை இருக்கும் என்பது, எம் அகவையினருக்கு, வீட்டுக்குக் கதவு இருக்கும் என்பதைப் போன்றது. கதவு உண்டா என்று கேட்டு எவரும் வீடு பார்ப்பதில்லையே!

எம் தந்தையார் பால்மரம் வெட்டியவர். 1970ஆம் ஆண்டுகளில் எங்கள் லயத்து வீட்டில் ஒரு டிரான்சிஸ்டர் வானொலி இருந்தது. இரவில் பிள்ளைகள் உறங்கிய பின், ஒற்றைக் காதில் குமிழைச் செருகிக்கொண்டு தமிழ்ச் செய்தி கேட்பார். பலகைச் சுவருக்கு அப்பால் அடுத்த வீட்டாரும் உறங்குவர், எவருக்கும் தொல்லையில்லை. அக்குமிழின் முனை 3.5 மில்லிமீட்டர் தடிப்புள்ளது. 1979இல் சோனி நிறுவனம் வெளியிட்ட வாக்மேனிலும் அதே அளவுத் துளைதான். அதன் மூத்த உருவமோ, 19ஆம் நூற்றாண்டின் தொலைபேசி நிலையங்களில் இணைப்புத் தர எடுத்து எடுத்துச் செருகிய தடித்த முனை. எவர் செய்த கருவியோடும் எவர் செய்த காதுக்கம்பியும் சேரும் என்பதே அவ்வேற்பாட்டின் சிறப்பு.

2016ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஐபோன் 7இல் அத்துளையை நீக்கியது. கம்பியில்லாக் காதுக்கருவி ஒன்றையும் அதே நாளில் அறிவித்தது. உள்ளே இடம் வேண்டும், நீர் புகாதிருக்க வேண்டும் என்பன போன்ற காரணங்கள் கூறப்பட்டன. கைப்பேசிக்கு அவை ஒருவாறு பொருந்தலாம். சிலேட்டுப் பலகை அகலமுள்ள கணினியில் இடமில்லை என்பதை யாம் ஏற்பதற்கில்லை. ஆயினும் 2018இல் ஐபேட் புரோவிலும், 2022இல் பத்தாம் தலைமுறைச் சாதாரண ஐபேடிலும் துளை போயிற்று. சாம்சங் நிறுவனம் விலையுயர்ந்த வரிசையில் நீக்கிவிட்டு, 2023இல் வந்த கேலக்சி டேப் ஏ9 போன்ற விலை குறைந்தவற்றில் விட்டுவைத்திருந்தது. மலிவில் இருப்பது உயர்விலையில் இல்லை என்பது வேடிக்கைதான். ஆனால் மலிவானவை எல்லாவற்றிலும் இருக்கும் என்று நம்பியவரின் கதியைத்தான் இப்போது படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கடைக்காரர் திறந்த பெட்டியைத் திரும்பப் பெற மறுத்தார். இணைப்புத் துண்டு வாங்கினால் போதும் என்றார். ஆறு வெள்ளி வீதம் எட்டு வாங்கினோம். ஒன்றிலும் ஓசை வரவில்லை. பின்னரே விளங்கிற்று. சில துண்டுகள் வெறும் கம்பிதான். கணினியே ஒலியலையாக அனுப்பினால்தான் அவை வேலை செய்யும். எம் கணினிகள் இலக்கங்களாகவே அனுப்பின. அவற்றை ஒலியலையாக மாற்றும் சில்லு பொருத்திய துண்டு வேறு; அதன் விலை இருபத்திரண்டு வெள்ளி. அதையும் எட்டு வாங்கினோம். இப்போது ஓசை வந்தது. ஆனால் ஒரே வாய் ஆகையால், கேட்கும்போது மின்னேற்ற இயலாது. புளூடூத் கருவிகள் இரண்டை இரவல் பெற்றும் பார்த்தோம். இரண்டுக்கும் ஒரே பெயர். மூன்றாம் ஆண்டுக்காரனின் கதை நான்காம் ஆண்டுக்காரியின் காதில் ஒலித்தது.

அடுத்த சங்கக் கூட்டத்தில் எல்லாவற்றையும் கணக்கோடு எடுத்துரைத்தோம். துண்டுகளுக்கான 224 வெள்ளியை எம் சொந்தப் பணத்திலிருந்து ஏற்றுக்கொண்டதையும், மீதி நாற்பது வெள்ளி உறையில் அப்படியே இருப்பதையும் தெரிவித்தோம். சற்று நேரம் எவரும் பேசவில்லை. பின்னர், மூத்த தொழிலாளர் ஒருவர் எழுந்தார். "ஐயா கோபிக்கக் கூடாது. பால் வெட்டுற கத்தி வாங்கப் போனா, நாங்க பிடியைக் கையில பிடிச்சுப் பார்த்துட்டுத்தான் காசு கொடுப்போம். அந்த ஹெட்போனை ஒண்ணு பையில போட்டுக்கிட்டுப் போயிருக்கலாமே" என்றார். கூட்டத்தில் சிரிப்பெழுந்தது. யாமும் சிரித்தோம், ஆனால் அன்றிரவு உறக்கம் வரவில்லை. மடித்த ஐந்து வெள்ளித் தாள் கண்முன்னே நின்றது. அத்தாயார் கூட்டத்தின் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். எம்மை ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

2024ஆம் ஆண்டு முன்னாள் மாணவர்களின் நன்கொடையில் மேலும் நான்கு வாங்க வாய்ப்புக் கிட்டியது. இம்முறை, முன்பு துளை தேடிய அம்மாணவனையும், தந்தையின் இசைவோடு, உடன் அழைத்துச் சென்றோம். அப்போது அவன் ஆறாம் ஆண்டு. ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே பேருந்தில் வந்தான். கடையில் இளைஞர் ஒருவர் புதிய மெல்லிய வகையொன்றைக் காட்டி அதன் புகழைப் பாடத் தொடங்கினார். பையன் அதை வாங்கி, விளிம்பை விரலால் தடவி, ஒன்றும் சொல்லாமல் மேசைமேல் வைத்தான். அடுத்ததை எடுத்தான். முனையைச் செருகினான். கண்ணை மூடிக் கேட்டான்.

"இது பேசுது, ஐயா" என்றான்.