நொடியில் நூற்றில் ஒரு பங்கு

1984 ஆகஸ்ட் 8 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில், 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தை பி. டி. உஷா 55.42 நொடிகளில் முடித்தார். ருமேனியாவின் கிறிஸ்டியானா கோஜோகாரு 55.41. அந்த வேகத்தில் இந்த வேறுபாடு ஏறத்தாழ 7 சென்டிமீட்டர். ஒரு விரல் நீளம். இறுதிக் கோட்டில் மார்பை முன்சாய்க்கவில்லை என்ற குறை நாற்பது ஆண்டுகளாக அவர்மீது சொல்லப்படுகிறது. சொல்வோருள் எத்தனை பேர் அந்தக் கடைசி 40 மீட்டரில் உடலுக்குள் நிகழ்வதை எண்ணிப் பார்த்திருப்பர்?

தசை சுருங்க ஏ.டி.பி. என்னும் மூலக்கூறு வேண்டும். அதன் இருப்பு ஓரிரு நொடிகளுக்கே போதும். கிரியேட்டின் பாஸ்பேட் அதனை ஈடுசெய்து ஏறத்தாழ 10 நொடிகள் தாங்கும். அதாவது இரண்டாம் தடைவரை. எஞ்சியிருப்பவை எட்டுத் தடைகள். இதயமும் நுரையீரலும் விரைந்தாலும், வந்துசேரும் ஆக்சிஜன் மட்டும் தேவைக்குப் போதாது. ஆகவே தசை தன் சர்க்கரைச் சேமிப்பை ஆக்சிஜனின்றியே சிதைக்கிறது. அதன் விளைவாக லாக்டேட் பெருகுகிறது.

இங்கே ஒரு சொல்லின் கதையும் உண்டு. 1780இல் ஷேலே புளித்த பாலிலிருந்து பிரித்தெடுத்த பொருளுக்கு, பாலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து லாக்டிக் அமிலம் என்ற பெயர் அமைந்தது. பின்னர் வேட்டையாடப்பட்ட மானின் தசையிலும் அது காணப்பட்டது. களைப்பின் பழி அதன்மேல் விழுந்தது. ‘அமிலம்’ என்ற சொல்லே பாதித் தீர்ப்பை எழுதிவிட்டது போலும். மறுநாள் தசைவலியையும் அதன் தலையிலேயே கட்டுகிறார்கள். அவ்வலியோ தசைநார்களில் ஏற்படும் நுண்ணிய சேதத்தால் வருவது. லாக்டேட்டை இதயம் எரிபொருளாக்கிக்கொள்கிறது. கல்லீரல் மீண்டும் குளுக்கோஸாக மாற்றுகிறது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் குருதியில் அதன் அளவு பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

காலைக் கல்லாக்குபவை, அதனுடன் சேர்ந்து குவியும் ஹைட்ரஜன் அயனிகளும் பாஸ்பேட்டும். கடைசித் தடைக்குப் பின் யாரும் வேகமெடுப்பதில்லை. எல்லோரும் தளர்கிறார்கள், குறைவாகத் தளர்பவர் முந்துகிறார். முழங்காலையே உயர்த்த இயலாத அந்த உடலிடம்தான் மார்பையும் முன்னெறியச் சொல்கிறோம்.

2023 அக்டோபரில், ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியின் தகுதிச் சுற்றில் கோயம்புத்தூரின் வித்யா ராம்ராஜ் அதே 55.42 நொடிகளில் ஓடினார். மறுநாள் இறுதிப் போட்டியில் 55.68. அதற்கு வெண்கலம் கிடைத்தது.