குறுக்குத்துறையில் ஒரு நாடிக் கணக்கு

திருநெல்வேலி ஜங்ஷனில் காலையில் இறங்கியபோது தோளில் ஒரு பை, பைக்குள் முடிக்காத கட்டுரைகள் இரண்டு, நெஞ்சுக்குள் தறிகெட்ட குதிரை ஒன்று!

குதிரை வந்து ஆறு மாசமாச்சு. பெயர், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல், நிமிஷத்துக்கு 300 தடவைக்கு மேல் சும்மா நடுங்கும். அதில் எத்தனை கீழறைக்குப் போய்ச் சேரும் என்பதற்குக் கணக்கே கிடையாது. நாடி பிடித்தால் ஒரு துடிப்பு முந்தும், ஒன்று பிந்தும். பி.காம். படித்த எனக்கு ஒரே வரியில் புரிந்தது... டாலி ஆகாத பேரேடு!

"டென்ஷனைக் குறைங்க" என்றார் டாக்டர். வாரம் இரண்டு கட்டுரை கொடுத்தால்தான் வீட்டு வாடகை என்கிறவனிடம்! துடிப்பின் வேகத்தைக் குறைக்க மாத்திரையும் தந்தார். படபடப்பு இல்லாத நாளில் 'எதுக்கு?' என்று விட்டுவிடுவேன். மனைவியிடம் மூச்சு விடவில்லை.

என் தாய்மாமாவுக்கும் இதே வியாதி, பதினோரு வருஷமாக. அவரைக் கேட்கத்தான் வந்தேன்.

"மொதல்ல ஆத்துல ஒரு முங்கு முங்கிட்டு வருவோம், மருமவனே" என்று குறுக்குத்துறைக்கு அழைத்துப் போனார்.

பொதிகையில் பிறந்து, பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி என்று வயலுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்துவிட்டு வருகிற தாமிரபரணி, இங்கே சாதுவாக ஓடுகிறது. முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வந்தால் உற்சவரைக் கரையிலுள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். வடிந்ததும் திரும்பக் கொண்டுவருவார்கள்.

"2023 டிசம்பர் 17, 18 ஞாபகம் இருக்கால?" என்றார் மாமா, படியில் உட்கார்ந்து.

மறக்க முடியுமா? பக்கத்து மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. இங்கே ஜங்ஷனே ஆறாகிவிட்டது.

"வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. உங்க அத்தை நகையைத் தேடுதா. மவன் டி.வி.யைத் தூக்குதான். நான் எதை எடுத்தேன் தெரியுமா? மாத்திரை டப்பாவும் ரத்தப் பரிசோதனை நோட்டும்!"

மாமாவுக்கு இதய வால்வில் சுருக்கம். மேலறை நடுங்கினால் ரத்தம் தேங்கும், தேங்கினால் உறையும், உறைந்த கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அதைத் தடுக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார்.

"ரெண்டு ராத்திரி மாடியில. கரன்ட் இல்ல. நெஞ்சு திங்கு திங்குன்னு அடிக்கி. ஆனா மணி எட்டானா மாத்திரை! வெள்ளத்தை நிறுத்த முடியாது மருமவனே. சாமியை முன்கூட்டியே மேல கொண்டு போகலாம்லா?"

"அப்ப நானும் வார்ஃபரின் போடணுமா, மாமா?"

"எல்லாருக்கும் வேண்டாம். வயசு, பிரஷர், சர்க்கரை, வால்வு எல்லாம் பாத்து டாக்டர் சொல்லுவாரு. நீயா ஆரம்பிக்கவும் கூடாது, நீயா நிறுத்தவும் கூடாது. ராத்திரி கண்ணு முழிக்காத. குடிக்காத. முகம் கோணினாலோ, கை தூக்க முடியலன்னாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108. அல்வா வாங்கிட்டுப் போவோம்னு நிக்காத!"

சொல்லிக்கொண்டே என் மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து, ஒரு நிமிஷம் முழுக்க எண்ணினார். பிறகு மெதுவாக, "வீட்ல சொன்னியா?" என்றார்.

தலையைக் குனிந்தேன்.

"பாதி டென்ஷன் அதுலதான்ல இருக்கு!"

அந்தப் படியிலிருந்தே போன் போட்டேன். கேட்டதும் அவள் பேசவேயில்லை. அப்புறம் ஐந்து நிமிஷம் திட்டினாள். கடைசியில் குரல் உடைந்து, "இன்னிக்கு மாத்திரை போட்டீங்களா?" என்றாள்.

போடவில்லை. பையைத் திறந்து அப்போதே போட்டேன்.

நாடி இன்னும் டாலி ஆகவில்லை, சார். ஆனால் வீட்டு ஆடிட்டருக்குக் கணக்கு தெரிந்துவிட்டது. இனி ஒரு மாத்திரையும் தப்பாது!