கொச்சியில் ஒரு பகல்

சென்ற தை மாதத்தில் மும்பையிலிருந்து தெற்கே செல்லும் உல்லாசக் கப்பலொன்றில் நாங்கள் நால்வரும் பயணம் செய்தோம். நாங்கள் இருவர், எங்கள் அன்னையார், பன்னிரண்டு வயதுப் பையன். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கப்பல் கொச்சியை அடைந்தது. பிற்பகல் மூன்றரை மணிக்குள் அனைவரும் திரும்பிவிட வேண்டும், நான்கு மணிக்குப் புறப்பாடு என்று அறிவித்தார்கள். கப்பற்காரர்களே பேருந்தில் அழைத்துச் சென்று ஊரைச் சுற்றிக் காட்டும் ஏற்பாடும் இருந்தது. ஆளுக்கு அவர்கள் கேட்ட தொகையைக் கண்டு மலைத்து, நாங்களே நடந்து பார்ப்பதென முடிவு செய்தோம். பேருந்தில் சென்றவர்கள் தாமதித்தால் கப்பல் காத்திருக்கும். தாமே சென்றவர்களுக்காகக் காத்திராது. இதனைச் சிற்றெழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். அப்போது அதை நாங்கள் பெரிதாகக் கருதவில்லை.

கப்பல் நிற்கும் வில்லிங்டன் தீவு இயற்கையாக அமைந்ததன்று. சென்னை மாகாண அரசு 1920-ல் அனுப்பிய பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, கழிமுகத்தை அடைத்துக் கிடந்த மணல் திட்டை வெட்டி, உப்பங்கழியை ஆழப்படுத்தித் தோண்டிய மண்ணைக் கொட்டி உருவாக்கிய நிலம் அது. அக்காலத்துச் சென்னை ஆளுநரின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். 1928-ல் ‘பத்மா’ என்னும் கப்பல் முதன்முதலாக உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. கொச்சித் துறையின் பிறப்பையும் வெள்ளத்தோடு சேர்த்தே சொல்வர். 1341-ல் பெரியாறு பெருக்கெடுத்து, சங்கப் புலவர் பாடிய முசிறித் துறை தூர்ந்து, கொச்சியில் புதிய கழிமுகம் திறந்தது என்பது வழக்கு. ஒரு துறை மூட மற்றொன்று திறந்தது.

துறைமுக வாயிலில் கப்பற் சீட்டையும் அடையாள அட்டையையும் காட்டி வெளியேறி, படகேறிக் கோட்டைக் கொச்சியை அடைந்தோம். அன்பர்கள் இந்த இரண்டையும் மறவாது கையில் வைத்திருக்க வேண்டும். திரும்பி வரும்போதும் கேட்பார்கள். படகுக் கட்டணமோ நம் மும்பையில் தேநீர் அருந்தும் செலவுகூட ஆகாது.

கரையோரம் சீனவலைகள் வரிசையாக நின்றன. தேக்கு மரச் சட்டங்களின் நுனியில் பெரிய வலை தொங்குகிறது; மறுபுறம் கயிறுகளில் பாறைக் கற்களைக் கட்டியிருக்கிறார்கள். ஆட்கள் சேர்ந்து கயிற்றை இழுத்தால் கற்கள் இறங்க, வலை நீரிலிருந்து மேலெழுகிறது. பையனையும் இழுக்கச் சொன்னார்கள். இழுத்து முடித்ததும் எங்களிடம் கை நீட்டினார்கள்! வலையில் வந்த மீன் ஒரு கைப்பிடிகூட இல்லை. வந்தவர்களிடம் கிடைத்ததுதான் அன்றைய அறுவடை போலும்.

தூங்குமூஞ்சி மரங்களின் நிழலிலேயே நடந்து புனித பிரான்சிஸ் தேவாலயத்துக்குச் சென்றோம். போர்த்துக்கீசியர் 1503-ல் மரத்தால் கட்டிப் பின் கல்லால் எடுப்பித்தது. 1524-ஆம் ஆண்டு திசம்பரில் இந்நகரிலேயே இறந்த வாஸ்கோ ட காமாவை இங்குதான் அடக்கம் செய்தார்கள். பின்னர் எலும்புகளைத் தாய்நாட்டுக்குக் கொண்டு சென்றுவிட்டபோதிலும் கல்லறைக் கல் மட்டும் கம்பி வேலிக்குள் இருக்கிறது. 1663-ல் டச்சுக்காரர் நகரைக் கைப்பற்றினர். 1795-ல் ஆங்கிலேயர் வந்தனர். தரையில் கிடந்த பழைய கல்லறைக் கற்களை எடுத்து வடசுவரில் போர்த்துக்கீசியருடையவற்றையும் தென்சுவரில் டச்சுக்காரருடையவற்றையும் பதித்திருக்கிறார்கள். வாழ்ந்தபோது போரிட்டவர்கள் இப்போது எதிரெதிரே அமைதியாக நிற்கிறார்கள்.

அன்னையாரின் கண் அக்கற்களில் பதியவில்லை. மேலே தொங்கிய துணி விசிறிகளையே நோக்கினார். அவற்றின் கயிறுகள் சுவரின் துளை வழியாக வெளியே செல்கின்றன; வெளியில் அமர்ந்து ஆட்கள் இழுத்தார்களாம். “அவங்க பேரு எந்தச் சுவத்துல இருக்கு?” என்றார் அன்னையார். எங்களிடம் விடையில்லை.

அங்கிருந்து மட்டாஞ்சேரி சென்று, சுவர்களில் இராமாயணம் தீட்டிய அரண்மனையையும், 1568-ல் எழுந்த யூதர் தொழுகைக் கூடத்தையும் காண எண்ணியிருந்தோம். வெள்ளிக்கிழமைகளில் இரண்டும் திறப்பதில்லை என்று தேநீர்க் கடைக்காரர் சொன்ன பிறகே எங்கள் அறியாமை தெரிந்தது. நாள் பாராமல் புறப்பட்ட எங்கள் தவற்றை வாசகர்கள் செய்யலாகாது. முகம் வாடிய எங்களைப் பார்த்து, நாங்கள் பேசிய மொழியையும் கேட்டு, “உங்கள் ஆட்கள் வேளியில் இருக்கிறார்கள், போய்ப் பாருங்கள்” என்று அவரே வழி காட்டினார்.

அரைமணி நேரம் வெயிலில் நடந்தோம். வேளியிலுள்ள சலவைக் கூடத்தில் துணி வெளுப்பவர்கள் தமிழ் வண்ணார் சமூகத்தார். டச்சுக்காரர் காலத்தில் படைவீரரின் உடைகளை வெளுக்கத் தமிழகத்திலிருந்து தம் முன்னோரை அழைத்து வந்தார்கள் என்பது அவர்களிடையே வழங்கும் வரலாறு. இப்போதுள்ள கூடம் 1976-ல் கட்டப்பெற்றது. தடுப்புத் தடுப்பாகத் துவைக்கும் இடங்கள்; ஒவ்வொன்றிலும் தொட்டியும் கல்லும். வெளியே திறந்த வெளியில் நூற்றுக்கணக்கான வெண்துணிகள் காய்கின்றன. கொடியில் ஒரு கவ்விகூடக் கிடையாது. இரண்டு கயிறுகளை முறுக்கிக் கட்டி, அம்முறுக்கின் இடையில் துணியின் முனையைச் செருகிவிடுகிறார்கள். கடற்காற்று எவ்வளவு வீசினாலும் துணி நழுவுவதில்லை. மாடியில் துணி காயப்போட்டுக் கீழ்வீட்டாரிடம் ஏச்சு வாங்கும் நம் இல்லத்தரசியர் இதனை அவசியம் கற்க வேண்டும்.

உள்ளே, கனத்த கரிப்பெட்டியால் துணி தேய்த்துக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். எங்கள் பேச்சைக் கேட்டதும் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, “அம்மாவுக்கு எந்த ஊரு?” என்று வினவினார். மலையாளத்தின் இழுப்பு கலந்த தமிழ். அன்னையார் திருநெல்வேலிப் பக்கம் என்று கூறித் தம் கிராமத்தின் பெயரையும் சொன்னார். “உங்களுக்கு?” என்று கேட்டார். பெரியவர் சிரித்தார். முன்னோர் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்பது தம் பாட்டனாருக்கே தெரியாது என்றார். ஊரின் பெயர் போய்விட்டது. வீட்டில் பேசும் பேச்சு மட்டும் போகவில்லை. பள்ளியில் பிள்ளைகள் மலையாளமே படிக்கிறார்கள், எழுதத் தெரியாது என்றும் சொன்னார்.

பிறகு பையனைப் பார்த்து, “தம்பிக்கு எந்த ஊரு?” என்றார்.

அவன் “மும்பை” என்றான். “அதுக்கு முந்தி?” என்றார் பெரியவர். பையன் எங்களை நோக்கினான். நாங்களும் பேசவில்லை. அக்கிராமத்துக்கு அவனை நாங்கள் ஒருமுறைகூட அழைத்துச் சென்றதில்லை. சற்று முன்பே பாட்டி சொன்ன பெயர் அவன் செவியில் விழுந்திருக்கும். ஆனால் அது தன்னுடைய ஊர் என்று அவனுக்குத் தோன்றவில்லை. ஊரின் பெயரைத் தொலைத்தவரிடம் மொழி இருந்தது. எங்கள் வீட்டிலோ ஊர்ப்பெயர் இருந்தும், பையன் பாட்டியிடம் பாதி இந்தியில்தான் பேசுகிறான்.

அன்னையார் அங்கிருந்த பெண்களோடு கஞ்சி போடும் பக்குவத்தைப் பற்றி நெடுநேரம் உரையாடினார். அவரைக் கிளப்ப எங்களுக்கு மனம் வரவில்லை. படகுத்துறையை நாங்கள் அடைந்தபோது மணி மூன்றை நெருங்கிவிட்டது. படகு கண்ணெதிரே விலகிச் சென்றது. அடுத்த படகுக்குக் காத்திருந்தால் கப்பலை விட்டுவிடுவோம். அன்னையாரோ வேகமாக நடக்க இயலாதவர். வந்த ஆட்டோவை நிறுத்தி, தோப்பும்படி வழியாகப் பாலம் கடந்து தீவுக்குப் போகச் சொன்னோம். பாலத்தருகே ஊர்திகள் நெருக்கியடித்து நின்றபோது நாங்கள் பட்ட பாட்டை எழுத்தில் அடக்க முடியாது. சிற்றெழுத்தின் பொருள் அப்போதுதான் முழுதும் விளங்கிற்று. துறைமுக வாயிலில் அட்டைகளைக் காட்டி ஏணிப்படியை எட்டியபோது மூன்று மணி இருபத்தேழு நிமிடம்.

நான்கு மணிக்குக் கப்பல் நகர்ந்தது. கழிமுகத்தின் வழியே செல்லும்போது இடப்புறத்தில் சீனவலைகள் சிறிதாகத் தெரிந்தன. பையன் மேல்தளக் கம்பியைப் பிடித்தவாறு பாட்டியின் அருகில் நின்று ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான். அவரும் கையை ஆட்டி ஆட்டி விடை சொன்னார். காற்றில் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஊர்ப்பெயர் மட்டும் இருமுறை காதில் விழுந்தது.