முட்டை மிதந்தா பாஸ்!

காந்திபுரத்துல மருதமலை பஸ் ஏறி, லாலி ரோடு பக்கம் இறங்கினா... கோயம்புத்தூர் வெயில் கொஞ்ச நேரம் மறந்தே போகும். அவ்ளோ மரங்க! பூங்காவைச் சுத்திட்டு அப்படியே திரும்பிடாதீங்க மக்களே. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துல பார்க்க வேண்டியது இன்னும் உள்ளே இருக்கு.

1868-ல் சைதாப்பேட்டையில் வேளாண்மைப் பள்ளியாகத் தொடங்கி, 1906-ல் கோவைக்கு இடம் மாறி, 1971-ல் பல்கலைக்கழகமாக ஆன இடம் இது. எம்.எஸ்.சுவாமிநாதன் பட்டம் வாங்கியது இங்கே இருக்கும் கல்லூரியில்தான்.

பச்சைப் பசேல்னு கிடக்கிற நெல் வயலைக் காட்டி, "இதான் எங்க லேப்" என்றான் ஃபைனல் இயர் படிக்கிற நண்பன். 1912-ல் ஆரம்பித்த நெல் ஆராய்ச்சி நிலையம். கிச்சிலிச் சம்பாவிலிருந்து தேர்ந்தெடுத்த ஜி.இ.பி.24 ரகம் 1921-ல் வெளிவந்தது இங்கிருந்துதான். அதன் வாரிசு டி.கே.எம்.6, அதன் வாரிசு நம்ம ஊரெல்லாம் விளைந்த ஐ.ஆர்.20. ஆக, உங்க தாத்தா சாப்பிட்ட சோத்துல இந்த வயலுக்கும் ஒரு பங்கு உண்டு பாஸ்!

ஆனா, ரகத்தைக் கண்டுபிடிச்சா மட்டும் போதுமா? விவசாயி கைக்குப் போகணுமே. அதுக்குத்தான் ஃபைனல் இயர்ல கிராமத்துல தங்கிப் படிக்கிற பயிற்சி. நண்பன் போனது கோபி பக்கம். முதல் செயல்விளக்கம், உப்புத் தண்ணீரில் விதைநெல் பிரிப்பது. பத்து லிட்டர் தண்ணியில சுமார் ஒன்றரைக் கிலோ உப்பு. அதுல புது முட்டையைப் போட்டா, பழைய நாலணா அளவுக்கு மேலே தெரியிற மாதிரி மிதக்கணும். அப்புறம் நெல்லைக் கொட்டினா பதர் மிதக்கும், நல்ல விதை அடியில் தங்கும்.

ஊரே கூடி நிக்குது. முட்டையைப் போட்டான். முங்கிடுச்சு! சிரிப்புச் சத்தம். அவனுக்கு அழுகையே வந்துடுச்சாம். பின்னாடி இருந்து ஒரு பாட்டி வந்தாங்க. "இன்னும் ரெண்டு கை உப்பு போடு கண்ணு, பயப்படாத." போட்டான். மெதுவா மேலே வந்தது முட்டை!

தங்கின விதையை நல்ல தண்ணியில ரெண்டு மூணு தரம் அலசச் சொல்லிக் கொடுத்தான். உப்பு நின்னா முளைப்பு போயிடும். எல்லாம் முடிஞ்சதும் பாட்டி கேட்டாங்களாம்... "வெதைக்கு வழி சொல்லிட்ட. வெலைக்கு?"

"அதுக்கு எந்த சிலபஸ்லயும் பதில் இல்லடா" என்றான். அவனோட கிளாஸ்ல பாதிப் பேர் பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கிறாங்க. அவன் மேஜையிலும் அந்த கைடு இருக்கு. அதைத் தள்ளி வெச்சுட்டு, வேளாண் பொருளாதாரப் புத்தகத்தை எடுத்துக் காட்டினான். "மேல்படிப்புக்கு இதான் எடுக்கப் போறேன். அறுவடைக்கு அந்தப் பாட்டி வரச் சொல்லியிருக்காங்க. வெறுங்கையோட போக முடியாதுல்ல?"