மண் அணைக்கும் காலம்

செஞ்சிக்கு வருகின்றவர்கள் கோட்டையைக் காண வருகின்றார்கள். 2025-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் யுனெஸ்கோ நிறுவனம் மராத்தியர் கோட்டைகளின் வரிசையில் நம் கோட்டையையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, வந்தவர்கள் கேட்பது ஒன்றே: பீரங்கி எங்கே, ராஜா தேசிங்கு குதிரை ஓட்டிய இடம் எங்கே? இராசகிரியின் 800 அடி உயரத்தை மூச்சிரைக்க ஏறி, உச்சியில் நின்று படம் பிடித்துக்கொண்டு, வெயில் ஏறுமுன் இறங்கிவிடுகின்றார்கள். நெல் எங்கே வைத்திருந்தார்கள், நீர் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர் அரியர்.

அடிவாரத்தில் அரைக்காணி நிலமும் வீட்டுக்குப் பின்னே கல் மிகுந்த ஒரு கொல்லையும் வைத்துக்கொண்டு, பள்ளிப் பணியில் ஓய்வு பெற்றபின் மண்வெட்டி பிடிக்கப் பழகிய எங்கள் இருவருக்கும் அந்தக் கேள்விதான் முதலில் எழுந்தது. தோட்டக்காரன் எங்குச் சென்றாலும் கிணற்றைத்தான் தேடுவான் போலும்.

1597-ஆம் ஆண்டு இவ்வூருக்கு வந்த இயேசு சபைக் குருவான நிக்கொலாஸ் பிமெந்தா அடிகளார், இந்தியாவில் தாம் கண்ட நகரங்களுள் செஞ்சியே மிகப் பெரியது என்றும், லிஸ்பன் நீங்கலாகப் போர்த்துக்கல் நாட்டில் இதற்கு இணையான நகர் இல்லை என்றும் எழுதிவைத்தார். நாயக்கர் ஆட்சி சிறந்திருந்த காலம் அது. அவ்வளவு பெரிய ஊருக்கு இந்தப் பாறைக் காட்டில் சோறும் நீரும் எவ்வாறு கிடைத்தன? விடை இன்றும் கண்ணெதிரே இருக்கின்றது. செட்டிகுளம், சக்கரகுளம், ஆனைக்குளம் எனக் குளங்கள். மலைமேல் ஊற்றுச் சுனைகளும் மழைநீரைத் தேக்கும் தொட்டிகளும். அடிவாரத்தில் தடித்த சுவர் எழுப்பி வளைகூரை வேய்ந்த நெற்களஞ்சியங்கள். மூன்று மலைகளையும் வளைத்து ஓடும் மதிலின் நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் என்பர். மதிலைக் கண்டு வியக்கிறோம். ஆனால் 1690-இல் முகலாயத் தளபதி சுல்பிகார்கான் வந்து வளைத்துக்கொண்ட இக்கோட்டை 1698 வரை விழாமல் நின்றதற்கு மதில் மட்டும் காரணமாகாது. உள்ளே இருந்தவர் குடிக்க நீரும் உலையிலிட நெல்லும் இல்லையேல் எந்த மதிலும் சில திங்கள்களுக்குமேல் நிற்பதில்லை.

இதில் நாம் கருதற்குரிய செய்தி ஒன்று உண்டு. குளம் வெட்டிய கை, பகைவன் வருமுன்னரே வெட்டியது. களஞ்சியம் கட்டியவன், முற்றுகையின்போது கட்டவில்லை. வாயிற்கதவு சாத்தப்பட்ட பிறகு உள்ளிருப்பவர் செய்யக்கூடியது, இருப்பதை அளந்து உண்டு காத்திருப்பதே. வேலைக்கு ஒரு காலம், காத்திருப்புக்கு ஒரு காலம். முன்னதில் சோம்பியிருந்துவிட்டுப் பின்னதில் பரபரப்பவனுக்குக் கோட்டையும் தங்காது, கொல்லையும் தங்காது. இதை எங்களுக்கு வேறொரு முறையில் தெளிவாக்கியது மல்லாட்டைச் செடி.

மல்லாட்டை என்றால் வேற்றூர் வாசகர்க்கு விளங்காதிருக்கலாம். நிலக்கடலையைத்தான் எங்கள் பக்கத்தில் அவ்வாறு சொல்வோம்; மணிலாக்கொட்டை என்பதன் திரிபு. தென்னமெரிக்காவிலே தோன்றி, கடல் கடந்து வந்து, இந்தச் செம்மண்ணைத் தன் சொந்த மண்ணாக்கிக்கொண்ட பயிர் அது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே புதுச்சேரித் துறையிலிருந்து பிரான்சு நாட்டின் மர்சேய் நகருக்கு எண்ணெய் ஆட்டுவதற்காகக் கப்பல் கப்பலாகப் போயிற்று.

இச்செடியின் இயல்பு வியப்புக்குரியது. விதைத்த இருபத்தைந்து, முப்பது நாளில் மஞ்சட் பூ பூக்கும். பூப்பது வெளிச்சத்தில், காய்ப்பதோ இருட்டில். பூ கருவுற்றபின் அதன் அடியிலிருந்து மெல்லிய விழுது ஒன்று நீண்டு, நிலம் நோக்கி வளைந்து, மண்ணைத் துளைத்து உள்ளே இறங்குகின்றது. இரண்டங்குல ஆழத்திற்குச் சென்றபின் அதன் நுனி படுத்துப் பருத்துக் காயாகின்றது. மண்ணைத் தொட முடியாமற் போன விழுது வெறும் நூலாகக் காய்ந்துவிடும். ஆகவே விழுது இறங்குமுன் மண்ணைப் பொலபொலவென்று கொத்தி, களை நீக்கி, செடியின் தூரைச் சுற்றி மண் அணைக்க வேண்டும். ஏக்கருக்கு 160 கிலோ அளவில் ஜிப்சம் இடுவதும் அப்போதுதான். இவை யாவும் நாற்பது, நாற்பத்தைந்து நாளுக்குள் முடிந்துவிட வேண்டும். அதன் பின்னர்க் களைக்கொட்டு வயலுக்குள் போகலாகாது. போனால் இறங்கிய விழுதெல்லாம் அறுந்துவிடும். தப்பிய களை இருந்தால் கையால் மெல்லப் பிடுங்கலாம், அவ்வளவே.

ஜிப்சத்தைப் பற்றி ஒரு நுட்பம் சொல்லவேண்டும். மற்றச் சத்துகளைப் போல் சுண்ணாம்புச் சத்தை வேர் உறிஞ்சி காய்க்கு அனுப்புவதில்லை. மண்ணுள் இருக்கும் காய், தன்னைச் சூழ்ந்த மண்ணிலிருந்து தானே நேராக அதை எடுத்துக்கொள்கிறது. சுற்றியுள்ள மண்ணில் அது இல்லையேல், செடி எவ்வளவு தழைத்து நின்றாலும் உள்ளே பருப்பின்றிப் பொக்காகவே இருக்கும். வேளாண் அலுவலர் இதை விளக்கியபோது, இது பயிருக்கு மட்டும் உரிய செய்திதானா என்று நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ஏனென்றால் அந்த நாளில் எங்கள் வீட்டிலும் ஒரு விழுது மண்ணைத் தேடிக்கொண்டிருந்தது. 2022 மார்கழியில், விதைப்புக்கு ஒரு வாரம் முன்பாக, எங்கள் இளைய மகன் சென்னையிலிருந்து பெட்டி படுக்கையுடன் வந்து சேர்ந்தான். ஐந்தாண்டு வேலை பார்த்த கணினி நிறுவனம் ஆட்குறைப்புச் செய்ததில் அவனும் ஒருவன். வந்தவன் பேசவில்லை. காலையில் நேரங்கழித்து எழுவான்; மாலையில் மலையடிவாரத்துக்குத் தனியே நடந்து போய் இருட்டியபின் திரும்புவான். ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில் நிற்கும்போது, “தம்பி இப்ப என்ன பண்றான்?” என்று கேளாதவர் இல்லை. அன்பினால் கேட்டவர்களும் உண்டு. அறிந்து கொள்வதற்கென்றே கேட்டவர்களும் உண்டு. செய்தித்தாளில் என்றோ படித்த சில செய்திகள் நள்ளிரவில் எங்கள் நினைவுக்கு வந்து உறக்கத்தைக் கெடுத்தன. அவன் அறையில் விளக்கு எரிகிறதா என்று மாறி மாறி எழுந்து பார்த்த இரவுகள் பல.

தை முடியும் தறுவாயில், நாற்பத்திரண்டாம் நாள், மல்லாட்டைக்கு ஜிப்சம் தூவி மண் அணைத்தோம். களையெடுக்க வந்த மூதாட்டி, வேலை முடிந்ததும் களைக்கொட்டைக் கழுவி வரப்பின்மேல் வைத்துவிட்டுச் சொன்னாள்: “அம்மா, இதோட சரி. இனிமே கொல்லைக்குள்ள கொட்டு எறங்கக்கூடாது. தண்ணிய மட்டும் வுடாதீங்க.”

அன்றிரவு மகனை அழைத்து உட்காரவைத்துப் பேசினோம். அவனுக்கிருந்த கடன் எவ்வளவு, எங்கள் ஓய்வூதியம் எவ்வளவு, மாதச் செலவு எவ்வளவு என்று கணக்கு நோட்டை விரித்து ஒளிவுமறைவின்றிக் காட்டினோம். கடனின் ஒரு பகுதியை நாங்கள் அடைப்பதாகவும், மிச்சத்தை அவன் சம்பாதித்து அடைக்க வேண்டும் என்றும், சோற்றுக்கும் படுக்கைக்கும் இந்த வீட்டில் என்றைக்கும் கணக்கில்லை என்றும் சொன்னோம். அறுவடை வரையில் வேலையைப் பற்றி நாங்களாகக் கேட்பதில்லை என்று வாக்கும் கொடுத்தோம். அவன் தலையசைத்தான், வேறொன்றும் சொல்லவில்லை.

அந்த வாக்கைக் காப்பது எளிதாயிருக்கவில்லை. பேசாமலிருப்பது ஒரு வேலை என்பதை அதுவரை நாங்கள் அறியோம். மல்லாட்டை விளைந்ததா என்று ஐயமிருந்தால் ஒன்றிரண்டு செடிகளைப் பிடுங்கி, ஓட்டை உடைத்து, உட்புறம் கறுத்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம். பிள்ளையிடம் அது இயலாது. எனினும் தண்ணீரை நிறுத்தவில்லை. அவனுக்குப் பிடித்த கேழ்வரகுக் கூழும் கருவாட்டுக் குழம்பும் வாரந்தோறும் உண்டு. மோட்டார் போட வேண்டும், வாய்க்கால் திருப்ப வேண்டும் என்று கூப்பிட்டால் வருவான். வராத நாளில் நாங்களே போட்டுக்கொண்டோம். உறவினர் கேட்டால், “வீட்டில் எங்களோடு இருக்கிறான்” என்று மட்டும் சொல்லப் பழகினோம். அது உண்மையுமாகும், போதுமானதுமாகும்.

பங்குனிக் கடைசியில் கொடி பிடுங்கினோம். நிழலில் உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தபோது, யாரும் கேளாமலே, “நான் இனிமேல் மெட்ராஸ் போகப் போறதில்லப்பா” என்றான். புதுச்சேரியில் ஒரு சிறு நிறுவனத்தில் கணக்குப் பொறுப்புக்கு எழுதிப் போட்டிருப்பதாகச் சொன்னான். முன்பு வாங்கிய சம்பளத்தில் பாதிக்கும் குறைவு. எங்களுக்கு மனம் சுருங்கியது உண்மை. ஆனாலும் நான்கு மாதத்தில் அவன் தானாகச் சொன்ன முதல் நீண்ட பேச்சு அது; இடையில் புகவில்லை. அவ்வாண்டு விளைச்சல் எண்ணியதைவிட இரண்டு மூட்டை குறைவு. மேட்டுப் பகுதியில் பொக்கு மிகுதி. மகனும் இன்று முற்றும் மாறிவிட்டான் என்று சொல்வதற்கில்லை. பழைய அலுவலகத்தின் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறான். சனிக்கிழமைதோறும் வருகிறான், கடனை அடைத்துவிட்டான்.

இங்கே வாசகருள் ஒருவர் இடைமறிக்கக்கூடும். முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர் என்று நம் பெரியோர் சொல்லவில்லையா என்பார். சொன்னார்கள். அப்பழமொழியின் முற்பாதி முழு உண்மை. முருங்கையை அதன் போக்கில் விட்டால் ஒற்றை மரமாய் ஓங்கி வளர்ந்து, காய் எட்டாத உயரத்தில் காய்க்கும். அதன் மரமோ உறுதியற்றது, காற்றடித்தால் முறியும். இளமையில் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பல வெடித்துத் தாழ்வாகப் படர்ந்து காய்க்கும். ஆனால் ஒடிப்பவன் ஒடிப்பது நுனியை. அதுவும் இளமையில், பருவம் பார்த்து. தடியெடுத்து அடிமரத்தை அடிப்பவனை முருங்கைக்காரன் எவனும் ஒப்பான். பழமொழியைக் கட்டியவர் மரத்தைக் கூர்ந்து பார்த்திருக்கிறார், பிள்ளையை அவ்வளவு கூர்ந்து பார்க்கவில்லை என்பதே எங்கள் துணிபு. எதுகைக்காக எத்தனை பிள்ளைகள் அடிபட்டார்களோ!

முருங்கையின் மெலிவை 2024-இல் கண்ணாரக் கண்டோம். நவம்பர் 30-ஆம் நாள் இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல், கடந்துபோகாமல் நம் மாவட்டத்தின் மேலேயே தங்கிக் கொட்டித் தீர்த்தது. எங்களுக்குக் கிழக்கேயுள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. சங்கராபரணி இரு கரையும் புரண்டது. கொல்லையில் நாங்கள் உயர விட்டிருந்த இரண்டு முருங்கையும் முறிந்து விழ, ஆண்டுதோறும் கிள்ளி வளர்த்த குட்டை மரம் ஒரு கிளையோடு தப்பியது. மூலையிலிருந்த வேம்பு இலைகளை உதிர்த்துவிட்டு நின்றது. புயலுக்கு முந்திய ஆவணியில் கூரைநீர்க் குழியைத் தூர்வாரி வைத்திருந்தபடியால் முற்றத்து நீர் ஒரு நாளில் உள்ளே இறங்கிவிட்டது. தெருவில் அது வடியப் பல நாள் ஆயிற்று. கொட்டும் மழையில் குழியை யார் வெட்ட முடியும்?

சனிக்கிழமை வழக்கம்போல் வர முடியாமல், சாலை திறந்தபின் மகன் வந்தான். விழுந்த மரங்களை அவனே அறுத்து, முழங்கை கனத்தில் பதினொரு போத்துகள் நறுக்கி, வெட்டுவாயில் சாணம் அப்பி, வேலியோரம் ஊன்றினான். தை மாதத்திற்குள் ஏழு தளிர்விட்டன. மற்ற நான்கையும் பிடுங்கி அடுப்புக்குப் போடலாமா என்று நாங்கள் கேட்டபோது, “இருக்கட்டும், அசைக்காதீங்க” என்றான். அந்நான்கில் ஒன்று மாசி கடைசியில் துளிர்த்தது.