நடுவரின் வரைபடம்

வாட்டர்லூ போர் ஆட்டத்துக்கு 1815 ஜூன் 15 முதல் 18 வரை. நாலு நாள் போதும். 1812 ரஷ்யப் படையெடுப்பு என்று ஆசையாகத் தொடங்கி நீமன் ஆற்றங்கரையிலேயே நின்றுபோன ஆட்டம் ஒன்று இன்னும் அட்டைப்பெட்டியில் கிடக்கிறது.

வரைபடம் மூன்று பிரதி. பிரெஞ்சுக்காரர்களுக்கு ஒன்று, எதிரிக்கு ஒன்று, நடுவருக்கு ஒன்று.

இல்லை, நாலு. எதிரணியின் வெலிங்டனும் பிரஷ்யத் தளபதி ப்ளூஹரும் ஒரே தாளைப் பார்க்கக் கூடாது.

அடிப்படை, ஃபெராரிஸின் பழைய வரைபடம். 1770களில் அளந்தது. அச்சுப் பிரதியின் அளவு 1:86,400. விநோத எண். பழைய பிரெஞ்சு அளவையில், நூறு துவாஸ் தூரத்துக்குத் தாளில் ஒரு லீன்யு. அவ்வளவுதான் ரகசியம்.

அதன்மேல் அறுகோணக் கட்டங்கள். கட்டத்துக்கு 2 கிலோமீட்டர்.

16ஆம் தேதி சண்டை நடந்த இரண்டு ஊர்கள், காத்ர் ப்ராவும் லிஞியும்: இடையே ஐந்து கட்டம். தாளில் ஒரு சாண்கூட வராது.

நெப்போலியனின் வரைபடக்காரர் பக்லேர் தால்ப். வண்ணத் தலை குண்டூசிகள். ஒருநாள் நடைக்கு விரித்து வைத்த கவராயம். இருவரும் தாள்மேல் ஊர்ந்து தலை முட்டிக்கொள்வார்களாம்.

எங்கள் வீட்டில் குண்டூசி, தாள் மின்விசிறிக் காற்றில் பறக்காமலிருக்க.

யார் யார் எந்த மட்டம்?

நெப்போலியன்: பொம்மையைத் தொடக் கூடாது. கடிதம் மட்டும்.

நே, குரூஷி: படையின் இடது, வலது பக்கங்கள். டெர்லோன், ரெய், வந்தாம், ஜெரார்: ஆளுக்கொரு கோர், அதாவது பல டிவிஷன் சேர்ந்த படை. டிவிஷனுக்குக் கீழே ஆள் வேண்டாம், பகடை போதும்.

எல்லோருக்கும் பட்டாலியனைச் சதுரமாக நிறுத்தத்தான் ஆசை.

நெப்போலியனின் படைத் தலைமை அலுவலர் சூல்ட்டாக ஆட ஒருவரும் முன்வரவில்லை. உத்தரவு எழுதும் வேலை.

அந்த வேலையை முன்பு செய்த பெர்தியே பாம்பெர்க்கில் ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தது ஜூன் 1. இரண்டு வாரம்தான் இடைவெளி.

15ஆம் தேதி வந்தாமுக்கு உத்தரவு கொண்டுபோனது ஒரே ஒரு அதிகாரி. குதிரை விழுந்தது, கால் முறிந்தது. கோர் குறித்த நேரத்தில் நகரவில்லை.

விதி: பகடையில் 1 விழுந்தால் கடிதம் போய்ச் சேராது. அநியாயம் என்கிறார்கள்.

நே வந்து சேர்ந்தது 15 பிற்பகல். கூடவே ஒரு உதவி அதிகாரி, அவ்வளவுதான். எங்களில் எப்போதும் தாமதமாக வருபவருக்கே இந்தப் பாத்திரம்.

டெர்லோன் யாருக்கு?

16ஆம் தேதி, அவருடைய கோரில் சுமார் 20,000 பேர். லிஞி பக்கம் போனார்கள். காத்ர் ப்ராவுக்குத் திரும்பினார்கள். இரண்டு சண்டையிலும் இல்லை.

பஸ் பிடித்து வந்து, நாள் முழுக்க உட்கார்ந்து, ஒரு பொம்மையும் தொடாமல் வீடு திரும்ப ஒரு ஆள் வேண்டும்.

முன்கூட்டிச் சொல்லலாமா? சொன்னால் ஆட்டம் போச்சு.

என் தாளில் அவருடைய பென்சில் கோடு மட்டும் போன வழியே திரும்புகிறது.

1824இல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் தன் போர் ஆட்டத்தைக் காட்டியபோது மெச்சி ஏற்றவர், பிரஷ்யத் தலைமை அதிகாரி ம்யூஃப்லிங். வாட்டர்லூவில் வெலிங்டனின் பக்கத்தில் பிரஷ்யத் தொடர்பாளராக இருந்தாரே, அவர்தான். அந்த ஆட்டத்திலும் எல்லாம் தெரிந்தவர் நடுவர் ஒருவரே.

18ஆம் தேதி குரூஷி வாலேனில். ஸ்ட்ராபெரி தின்றுகொண்டிருந்தார் என்பார்கள். மேற்கே வாட்டர்லூ பீரங்கிச் சத்தம். போகலாம் என்கிறார் ஜெரார்.

சத்தம் எத்தனை கட்டம் கேட்கும்?

பன்னிரண்டு என்று எழுதினேன். அடித்துவிட்டுப் பத்து. முந்தின இரவு மழை.