பவனா ஏரிக்கரையில் இரண்டு இரவுகள்

மும்பையில் வாழும் நமக்குக் கொசுவைப் பற்றி எவரும் புதிதாக எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மாகிம் ஓடையை ஒட்டிய சதுப்பு நிலத்திலேதான் தாராவி வளர்ந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலை நாடி வந்த நம் முன்னோர் அச்சேற்றின் மீதே குடிசை போட்டனர். மாதுங்காவில் மாடி வீடு எடுத்தோரும், செம்பூரில் குடியேறினோரும் கூட, விளக்கு வைக்கும் நேரமானால் சன்னலைச் சாத்தும் வழக்கத்தை இன்றளவும் விட்டவரல்லர்.

அப்படிப்பட்ட நாம், விடுமுறைக்கு வெளியூர் சென்று, அதுவும் ஏரிக்கரையில் கூடாரம் அடித்து இரவு தங்குவது என்றால், வீட்டில் எழும் முதல் கேள்வி என்னவாக இருக்கும் என்பதை அன்பர்கள் எளிதில் ஊகிக்கலாம். சென்ற நவம்பர்த் திங்கள் இறுதியில் பவனா ஏரிக்குப் போவதென்று ஐந்து குடும்பத்தார் கூடிப் பேசியபோது, தாராவியிலிருந்து வந்திருந்த ஒரு தாய் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார்:

“அண்ணாச்சி, ஊருக்குள்ள கொசு கடிச்சு என் பிள்ளை பட்ட பாடு போதாதா? காட்டுக்குப் போய் வேற கடி வாங்கணுமா?”

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. இரண்டு மழைக்காலங்களுக்கு முன் அவருடைய மகனுக்கு மலேரியா கண்டு, ஆறு நாட்கள் மருத்துவமனையில் கிடக்க நேர்ந்தது. அந்தச் சிறுவனுக்கு இப்போது வயது பதினொன்று. பத்தடிக்குப் பத்தடி அறையில் பிறந்து, அதிலேயே வளர்பவன். வானத்து விண்மீன்களை மொத்தமாக ஒரு நாளும் கண்டறியாதவன். அவனை அழைத்துச் செல்ல வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். அவனுக்கு மீண்டும் காய்ச்சல் வந்துவிடலாகாது என்பதே எங்கள் அச்சம். ஆகவே, புறப்படுமுன் மருத்துவம் அறிந்தவர்களைக் கேட்டும், நூல்களைப் படித்தும், கொசுவுக்கு வேண்டிய ஏற்பாடுகளைத் தெரிந்துகொண்டோம். அந்த ஏற்பாடுகள் மற்றக் குடும்பங்களுக்கும் பயன்படக்கூடும் என்பதனால் அவற்றை இங்கே எழுதுகிறோம்.

தாதரில் காலை வண்டி பிடித்தோம். கர்ஜத் நிலையத்தில் வண்டிக்குப் பின்னால் கூடுதல் எஞ்சின்களை மாட்டினர். அங்கிருந்து போர்காட் ஏற்றம் தொடங்குகிறது. முப்பத்தேழு அடி ஓடினால் ஓர் அடி உயரும் செங்குத்தான பாதை அது. குகைப் பாதைகள் ஒன்றன்பின் ஒன்றாக வர, பிள்ளைகள் ஒவ்வோர் இருட்டுக்கும் கூச்சலிட்டு மகிழ்ந்தனர்.

ரயில்வேயில் எழுத்தர் பணி செய்யும் எங்களுக்கு அந்த ஏற்றத்தைக் கடக்கும்போதெல்லாம் வேறொரு நினைவும் எழும். 1856-இல் தொடங்கி 1863-இல் திறக்கப்பட்ட அப்பாதையை அமைக்க, ஒரு கட்டத்தில் நாற்பதாயிரம் பேருக்கு மேல் மலைச்சரிவிலே முகாமிட்டு உழைத்தனர். ஓலைக் குடிசைகளிலும் கித்தான் மறைவிலும் வாழ்ந்த அந்தத் தொழிலாளரில் ஆயிரக்கணக்கானோர் காலராவாலும் காய்ச்சலாலும் மாண்டனர். 1859-இல் குத்தகை ஏற்க வந்த சாலமன் டிரெட்வெல் என்ற ஆங்கிலேயரும் சில வாரங்களிலேயே நோயுற்று இறந்தார். அவருடைய மனைவி ஆலிஸ் டிரெட்வெல் அம்மையார் பொறுப்பேற்று, பொறியாளர்களைக் கொண்டு வேலையை முடித்தார். கெட்ட காற்றினால் காய்ச்சல் வருகிறது என்றே அக்காலத்தில் நம்பினர். ‘மலேரியா’ என்ற சொல்லுக்கே கெட்ட காற்று என்பதுதான் பொருள். கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமி வளர்வதை ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டறிந்தது 1897 ஆகஸ்டு 20-ஆம் நாள். பாதை திறந்து முப்பத்து நான்கு ஆண்டுகள் கழிந்தபின் அது! காரணம் அறியாமல் அவர்கள் மாண்டனர். காரணம் அறிந்த நாம் அஞ்சி வீட்டிலே முடங்கவும் தேவையில்லை. அலட்சியமாய்ப் போய்ப் படுக்கவும் தேவையில்லை.

லோணாவளாவில் இறங்கி, வாடகை வண்டிகளில் ஒரு மணி நேரப் பயணம். மலைகள் சூழ, பவனா நதியைத் தடுத்துக் கட்டிய அணையின் நீர்ப்பரப்பு கண்முன் விரிந்தது. ஒரு புறம் லோகட் கோட்டை. எதிரே திகோனா, துங் என்ற கோட்டை மலைகள். பிம்ப்ரி-சிஞ்ச்வாட் நகரத்தார் குடிக்கும் நீர் இந்த ஏரியிலிருந்தே போகிறது. கரை ஓரத்தில் வரிசை வரிசையாகக் கூடாரங்கள் இருந்தன. தண்ணீரைத் தொடும் தூரத்தில் எங்களுக்கும் இடம் ஒதுக்கி வைத்திருந்தார் முகாமின் காவலர்.

அங்கேதான் எங்கள் முதல் வேலை தொடங்கிற்று. ஏரியின் அலையாடும் நீரில் கொசு அதிகம் முட்டையிடுவதில்லை. ஆனால் கரை ஓரத்துப் புல் அடர்ந்த தேக்கங்களிலும், எருமைகள் மிதித்த குளம்புக் குழிகளிலும், அறுவடை முடிந்த நெல் வயலின் மூலைகளிலும் நின்ற நீரைக் குனிந்து பார்த்தால், கூத்தாடிப் புழுக்கள் நெளிந்தன. ஆகவே அந்த இடத்தை வேண்டாம் என்று சொல்லி, ஏறத்தாழ இருநூறு அடி தள்ளி, புல் குறைந்து காற்று தடையின்றி வீசும் ஒரு மேட்டைக் கேட்டு வாங்கினோம். “அங்கே ஏரி அழகாய்த் தெரியாதே!” என்று காவலர் வருந்தினார். மேட்டிலிருந்து ஏரி முழுவதும் தெரிந்தது என்பது வேறு செய்தி. கொசு பறப்பதில் வலிமையற்றது. மெல்லிய காற்றுக்கே தடுமாறும். அனாபிலிஸ் ஒன்றிரண்டு கிலோமீட்டர் வரை பறந்து வரக்கூடும் என்பதால், இருநூறு அடி விலகியதால் மட்டும் அது வாராமற் போகாது. வீசும் காற்றுத்தான் மேட்டின் முதற் காவல்.

இங்கே கொசுவின் சாதிகளைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். நம் நகரத்தில் மலேரியாவைப் பரப்புவது அனாபிலிஸ் ஸ்டீபன்சி என்ற வகை. கிணறுகளிலும் மாடித் தொட்டிகளிலும் வளர்வது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பம்பாயை ஆராய்ந்த பென்ட்லி என்ற மருத்துவர் 1911-இல் வெளியிட்ட அறிக்கையில் இதனை எடுத்துக் காட்டியதன் பின்னரே, நகரின் கிணறுகள் பல மூடப்பட்டன. மலையடிவாரத்தில் வேறு இனங்கள் உண்டு. மெல்ல ஓடும் ஓடைகளில் ஒன்று. வயல் நீரிலும் குழிகளிலும் மற்றொன்று. இவை பெரும்பாலும் இரவில் கடிப்பன. டெங்குவைத் தரும் ஈடிஸ் கொசுவோ பகலில், அதிலும் காலையிலும் மாலைக்கு முன்னரும் கடிப்பது. வீட்டுப் பூந்தொட்டித் தட்டும், மூடாத டிரம்மும், உடைந்த வாளியுமே அதன் பிறப்பிடம். எனவே, பகலில் ஒரு காவலும் இரவில் வேறொரு காவலும் வேண்டும். கடிப்பது எல்லா இனங்களிலும் பெண் கொசு மட்டுமே. முட்டைக்கு இரத்தம் வேண்டியிருப்பதால் கடிக்கிறது. சுவரில் உட்காரும்போது வாலை உயர்த்தித் தலையைத் தாழ்த்தி அனாபிலிஸ் சாய்ந்து நிற்கும். பிள்ளைகள் அதைப் பார்த்துப் பெயர் சொல்லக் கற்றுக்கொண்டனர்.

பகல் முழுவதும் ஏரியில் கால் நனைத்தும், துங் மலையின் நிழலைப் பார்த்தும் கழித்தோம். பொழுது சாய்வதற்கு அரை மணி முன்பாகவே எல்லோரும் உடை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் விதி. முழுக்கைச் சட்டை, கணுக்கால் வரை மூடும் கால்சட்டை, காலுறை, நிறமெல்லாம் வெளிறியவையாக. கறுப்பும் கருநீலமும் கொசுவின் கண்ணுக்கு எளிதில் படும். நாம் விடும் மூச்சும் உடற்சூடும் வேர்வை நாற்றமும் அதற்கு வழிகாட்டிகள். ஆகையால் விளையாடிக் களைத்த பிள்ளைகளை முதலில் குளிப்பாட்டினோம்.

பூசும் தைலங்களில் டீட் என்ற மருந்து கலந்தது நெடுநேரம் நிற்கிறது. 1946-இல் அமெரிக்கப் படையினருக்கெனக் கண்டுபிடிக்கப்பட்டது அது. புட்டியின் மேல் நூற்றுக்கு இருபது முதல் முப்பது பங்கு என்று எழுதியிருந்தால் சில மணி நேரத்துக்குக் கவலையில்லை. பிகாரிடின் என்ற மருந்தும் நன்று. இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்கு எதையும் பூசலாகாது. கொசுவலையே அதற்குக் காவல். எலுமிச்சை மணமுள்ள யூகலிப்டஸ் தைலத்தை மூன்று வயதுக்குட்பட்டோருக்குத் தவிர்க்க வேண்டும். பிள்ளைகளின் உள்ளங்கையிலும் கண்ணருகிலும் பூசாமல், பெரியவர் தம் கையில் தேய்த்துக்கொண்டு அவர்களுக்குத் தடவுவதே முறை. வேப்பெண்ணெய், எலுமிச்சைப்புல் எண்ணெய் ஆகியவற்றை நம் வீடுகளில் நம்புகிறோம். அவற்றின் வாசனை சிறிது நேரத்தில் ஆறிவிடும். ஆறியதும் காவலும் ஓய்ந்துவிடும்.

அந்தி நேரத்தில் பக்கத்துக் கிராமத்து முதியவர் ஒருவர் எருமைகளை ஓட்டிக்கொண்டு வந்தார். “காகா, உங்கள் ஊரில் கொசுவுக்கு என்ன செய்வீர்கள்?” என்று கேட்டோம். வேலியோரத்தில் நின்ற ஒரு செடியைக் காட்டி, “நிர்குடி” என்றார். அருகே போய் இலையைக் கசக்கி முகர்ந்ததும், எங்களுடன் வந்திருந்த பாட்டியார் முகம் மலர்ந்தது. “அட, நம்ம நொச்சியில்லா இது!” என்றார். பொருநைக் கரையில் மாட்டுத்தொழுவத்துக்கு மூட்டம் போட்ட அதே நொச்சி, சகியாத்திரி மலையடியிலும் அதே வேலையைச் செய்து வருகிறது. எங்கிருந்தோ வந்தோம் என்று நாம் நினைக்கும் நிலமும் நம்மை முன்னரே அறிந்திருக்கிறது போலும்!

காய்ந்த சாணத்தின் மேல் நொச்சியிலை போட்டுக் காற்று வரும் திசையில் மூட்டமிட்டோம். புகை சூழ்ந்திருக்கும் வரையில் கொசு அண்டவில்லை. புகை விலகியதும் திரும்பி வந்தது. பாட்டியாருக்குக் கண் எரிந்தது. இளைப்பு நோயுள்ள ஓர் அன்பர் எழுந்து அப்பால் சென்றார். சமைத்து உண்ணும் ஒரு மணி நேரத்துக்குப் புகை துணை செய்யும். இரவு முழுவதும் அதை நம்பியிருக்க இயலாது. கூடாரத்துக்குள்ளே கொசுவர்த்திச் சுருள் ஏற்றுவதோ அறவே கூடாது. துணிக் கூடாரம் தீப்பற்றினால் வெளியேற நேரமிராது. அடைத்த இடத்தில் அப்புகை மார்புக்கும் கேடு.

இரவுக்கு உற்ற துணை வலைதான். சதுர அங்குலத்துக்கு 156 துளைகள் உள்ள வலை போதுமானது. பெர்மெத்ரின் மருந்தில் நனைத்தது இன்னும் நன்று. கூடாரத்தின் வலைக்கதவை எப்போதும் ஜிப் போட்டு மூடி வைத்தோம். உள்ளே போகுமுன் வெளி விளக்கை அணைத்து, துணியால் வாசலை விசிறிவிட்டு, ஒருவர் பின் ஒருவராகச் சட்டென்று நுழைய வேண்டும். படுக்குமுன் டார்ச் விளக்கால் மூலைகளைத் துழாவி, உள்ளே அகப்பட்டவற்றை அடித்தோம். காலும் கையும் வலைத்துணியை ஒட்டாதபடி படுத்தோம். ஒட்டினால் வெளியிலிருந்தே கடித்துவிடும்.

அந்தத் தாய் மூன்று முறை எழுந்து மகனின் வலைக்கதவைச் சரிபார்த்ததை நாங்கள் கண்டோம். மூன்றாம் முறை சிறுவன் விழித்துக்கொண்டான். உறங்கச் சொல்வதற்குப் பதிலாக, அவர் அவனருகே உட்கார்ந்து வலை வழியே வானத்தைக் காட்டினார். “இவ்வளவு நாளும் இதெல்லாம் எங்கம்மா இருந்துச்சு?” என்று அவன் கேட்டது பக்கத்துக் கூடாரத்திலிருந்த எங்களுக்கும் கேட்டது. தாய் என்ன விடை சொன்னார் என்பது கேட்கவில்லை.

இரண்டு இரவும் இவ்வாறே கழிந்தன. கடியே படவில்லை என்று சொன்னால் அது பொய்யாகும். இருபத்திரண்டு பேரில் சிலருக்குக் கணுக்காலில் தடிப்புகள் கண்டன. எனவே வீடு திரும்பியதும் எங்கள் வேலை முடிந்துவிடவில்லை. டெங்கு பெரும்பாலும் நான்கு முதல் பத்து நாட்களுக்குள் தலைகாட்டும். மலேரியா ஏழு நாளுக்குப் பின்னரே தெரியும். அதில் ஒரு வகை சில மாதம் பதுங்கியிருந்தும் வெளிப்படும். ஆகவே ஒவ்வொரு வீட்டு நாட்காட்டியிலும் திரும்பிய தேதியைக் குறித்து வைத்தோம்.

ஒன்பதாம் நாள் அந்தச் சிறுவனுக்கே உடம்பு சுட்டது. தாய் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அன்றே மாநகராட்சி மருந்தகத்துக்கு அழைத்துச் சென்று, ஏரிக்கரையில் தங்கியதையும் தேதியையும் சொல்லி இரத்தப் பரிசோதனை செய்வித்தார். அங்கே அப்பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. மலேரியாவும் இல்லை, டெங்குவும் இல்லை. சாதாரணச் சளிக் காய்ச்சல் என்று மருத்துவர் கூறினார். மூன்றாம் நாள் அவன் பள்ளிக்குப் போய்விட்டான். முடிவு தெரியும் வரை அந்த வீட்டில் அடுப்பு மூட்டவில்லை என்று பின்னரே அறிந்தோம்.

அன்பர்களுக்கு இரண்டு சொல். காய்ச்சல் கண்டால் பயணம் போனதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். டெங்கு இல்லை என்று தெளியும் வரை ஆஸ்பிரின் மாத்திரையைத் தொடாதீர்கள். மற்றபடி, மேடான இடம், மூடிய உடை, நல்ல தைலம், கிழியாத வலை ஆகிய நான்கும் கையிலிருந்தால், பிள்ளைகளுக்கு வானத்தைக் காட்ட அஞ்ச வேண்டுவதில்லை. வரும் பிப்ரவரியில் மீண்டும் பவனாவுக்குப் போவதென்று முடிவு செய்திருக்கிறோம். பெயர் கொடுத்தவர்களில் முதலாமவர் அந்தத் தாய்தான். இம்முறை ஒரு வலையைக் கூடுதலாகத் தாமே தைத்துக் கொண்டுவருவதாகவும் சொல்லியிருக்கிறார்.